ஆறாம் குழுவின் கடைசி ஆள்

அன்று வியாழக்கிழமை. மாலை ஐந்து மணிக்கு யாங்கோனில் எங்கள் தெருவுக்கு மின்சாரம் வந்தது. தண்ணீர் மோட்டாரைப் போட்டுவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தேன். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். போனில் ஒரு படம் வந்தது. என் கணவர் தங்கவேலு, கையில் ஆறு என்று எழுதிய வட்டப் பலகையுடன் ஒரு கல் மதிலோரம் நின்றிருந்தார். மதிலின் மேல் ஒரு மஞ்சள் பூனை.

"அத்தை, உங்க மகன் பூனையோட நிக்கிறார், பாருங்க."

"கப்பல்ல வேலைக்குப் போனானா, பூனை பிடிக்கப் போனானா?" என்றார் அத்தை. போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இளைச்சுட்டான். பூனை நல்லா இருக்கு."

இருவரும் சிரித்தோம். தொட்டி நிரம்பி வழிந்தது. ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.

அவர் ஒரு பயணக் கப்பலில் அறைகளைச் சுத்தம் செய்பவர். அந்தக் கோடையில் கப்பல் இத்தாலிப் பக்கம் அட்ரியாடிக் கடலில் சுற்றிக்கொண்டிருந்தது. வியாழக்கிழமைதோறும் கோட்டோர் என்ற பழைய ஊரில் நிற்கும். பயணிகளைக் குழு குழுவாகக் கரைக்கு அழைத்துப் போவார்கள். ஒவ்வொரு குழுவுக்கும் முன்னால் அந்த ஊர் வழிகாட்டி நடப்பார். பின்னால் கப்பல் ஆள் ஒருவர் பலகையைப் பிடித்துக்கொண்டு வர வேண்டும். யாரும் தவறிவிடாமல் எண்ணிக் கொண்டுவந்து சேர்ப்பது அவர் வேலை. சம்பளம் கிடையாது. ஊரை இலவசமாகப் பார்க்கலாம், அவ்வளவுதான். ஓய்வு நேரத்தில் மற்றவர்கள் தூங்குவார்கள். இவர் கையைத் தூக்கிக்கொண்டு முதலில் போய் நிற்பார். "வெள்ளைக்காரத் தாத்தா பாட்டிங்களுக்கு வாலு நான்தான்" என்பார்.

ஐந்தரைக்குக் குரல் செய்தி ஒன்று வந்தது. அங்கே அப்போது மதியம் ஒரு மணி.

"குமாரி, குழுவுல ஒரு தாத்தாவைக் காணோம். கோட்டைக்கு ஏறுற படியில பாதி தூரத்துல மதில்ல ஜன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருக்கு. அது வழியா அந்தப் பக்கம் இறங்கிட்டார் போல, வெள்ளைத் தொப்பி தெரிஞ்சுது. நான் போய்ப் பார்த்துட்டு வரேன். சார்ஜ் இல்ல, கூப்பிடாதே. அம்மாவை மாத்திரை போடச் சொல்லு."

அவருக்கு எதையும் சொல்லாமல் செய்ய வராது. பஸ் ஏறினால் சொல்வார், இறங்கினால் சொல்வார். நான் கேட்டுவிட்டு உலையை வைத்தேன்.

மறுநாள் காலை பதினோரு மணிக்கு இக்பால் வந்தார். துறைமுகத்துப் பக்கம், போட்டாதாங்கில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் ஆபீஸ் ஒன்றில் வேலை. முன்பு ஒரு முறைகூட எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. தையல் மெஷினை விட்டு எழுந்தேன். அவர் செருப்பை வாசலில் விட்டார், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார், சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டு ஒன்றை எடுத்தார்.

"தங்கச்சி, கோ தங்கவேலு நேத்துக் கப்பலுக்குத் திரும்பல." பர்மிய முறையில் பெயருக்கு முன் கோ போட்டு மரியாதையாகத்தான் சொன்னார்.

"எங்க போனார்?"

"அதைத்தான் நான் கேக்க வந்தேன்."

அந்த ஆபீஸில் பத்துப் பேர் வேலை செய்கிறார்கள். அதில் தமிழ் தெரிந்தவர் இவர் ஒருவர்தான். என்னிடம் பேச்சை வாங்கத்தான் இவரைப் பார்த்து அனுப்பினார்களோ என்று யோசித்தேன்.

"வழிகாட்டி கடைசியா அவரைப் படியிலதான் பார்த்தாராம். கீழ ஊருக்குள்ள இறங்கிப் போயிருப்பார்னு சொல்றார். பாஸ்போர்ட் கப்பல்ல இருக்கு. ஆனா ஓடிப்போறவங்க அதெல்லாம் பாக்கிறதில்ல. இந்த வருசம் எங்க ஆளுங்களே மூணு பேர் இப்படி." நோட்டைப் பிரித்தார். "கடைசியா எப்பப் பேசினார்?"

"புதன்கிழமை."

"அப்புறம் ஒண்ணும் வரலையா? படம், வாய்ஸ், எதுவும்?"

"இல்ல."

எழுதிக்கொண்டார். மெஷின் மேல் என் போன் திரை தெரியக் கிடந்தது. அவர் அதைப் பார்த்தாரா, மெஷினைப் பார்த்தாரா என்று தெரியவில்லை. ஒரு துண்டுத் துணியை எடுத்து அதன் மேல் போட்டேன்.

ஏன் பொய் சொன்னேன் என்பதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு இரண்டு வாரம் முன்னால் பட்டாளத்துக்குக் கட்டாயமாக எடுக்க எங்கள் தெருவில் பையன்களின் பெயரை எழுதிக்கொண்டு போனார்கள். முப்பத்தைந்து வயது வரை எடுப்பார்கள். அவருக்கு வயது முப்பத்து மூன்று. செப்டம்பரில் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்ப வேண்டும். அன்றிரவு போனில் நான்தான் சொன்னேன்: "ஏங்க, வராதீங்க. அங்கேயே எங்கேயாவது இறங்கிக்கங்க. நாங்க பாத்துக்குவோம்." அவர் பேச்சை மாற்றிச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார்.

ஆகவே இக்பால் சொன்னதும் எனக்குத் தோன்றியது இதுதான்: சொன்னபடி செய்துவிட்டார். அந்தத் தாத்தா, வெள்ளைத் தொப்பி, மதில் ஓட்டை எல்லாம் யாராவது கேட்டால் சொல்வதற்காக அவர் செய்துவைத்த கதை. சார்ஜ் இல்லை, கூப்பிடாதே என்றால் என்ன? தேடாதே என்றுதானே? எந்தப் பக்கம் போனார் என்று நான் சொன்னால் இந்த மனிதர் அங்கே சொல்வார். அங்கே பிடித்து இங்கே அனுப்புவார்கள். யாங்கோனில் இப்போது யார் எங்கே இருக்கிறார் என்று கேட்டால் தெரியாது என்றுதான் சொல்லுவோம். அது நாக்கில் பழகிவிட்டது.

அடுத்த மூன்று நாள் நான் யாரையும் நம்பவில்லை. மாடிவீட்டு சைதா கோழிக் குழம்பு கொண்டுவந்தாள். வழக்கமாகக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போகிறவள், அன்று உட்கார்ந்தாள்.

"அண்ணன் இத்தாலிக்குப் போயிட்டாராமே?"

"யார் சொன்னா?"

"சும்மாதான் கேட்டேன். இதுக்கு ஏன் முறைக்கிற? குழம்பைச் சூடு பண்ணிச் சாப்பிடு."

இத்தாலி என்ற பெயர் இவளுக்கு எப்படித் தெரியும்? ஆபீஸில் இவளுக்கு யாராவது இருக்கிறார்களா? குழம்பைத் தொடவில்லை. ஆனால் இரவில், கூச்சத்தோடு எழுதுகிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தேன். போன் மேப்பில் கோட்டோரிலிருந்து எந்தெந்த ஊருக்குப் பஸ் போகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு இங்கே இருப்பார், நாளைக்கு அங்கே.

அத்தை என்னைச் சந்தேகப்பட்டார். ஞாயிற்றுக்கிழமை நேராகவே கேட்டார்.

"ஏண்டி, புருசனைக் காணோம்கிறாங்க. நீ அழவே இல்லையே?"

கதவைச் சாத்திவிட்டு, அவர் காதோரம் வைத்து அந்தச் செய்தியைப் போட்டேன். நான் நினைத்ததையெல்லாம் சொன்னேன். அத்தை மறுபடி போடச் சொன்னார். கண்ணை மூடிக் கேட்டார்.

"இது ஓடிப்போறவன் பேச்சு இல்ல" என்றார்.

"நம்பணும்னுதான் அப்படிப் பேசியிருக்கார்."

"அவனுக்குப் பொய் சொன்னா மூச்சு வாங்கும். சின்னதுல இருந்து அப்படித்தான். இதுல மூச்சு வாங்கல. யாரையோ தேடித்தான் போயிருக்கான்." என் கையைப் பிடித்தார். "குமாரி, நாலு நாள் ஆச்சுடி."

திங்கட்கிழமை ஆபீஸ் திறக்கும் முன்பே போய் நின்றேன். இக்பால் செய்தியை இரண்டு முறை கேட்டார். முகம் மாறியது. ஏன் மறைத்தாய் என்று அவர் கேட்கவில்லை. உள்ளே போய் யாருக்கோ போன் போட்டு ஆங்கிலத்தில் பேசினார். விண்டோ, விண்டோ என்று மூன்று தடவை சொன்னது காதில் விழுந்தது. வெளியே வந்து தேநீர் வரவழைத்துக் கொடுத்தார்.

"அந்தப் பெரியவர்?" என்று கேட்டேன்.

"அவர் வேற வழியா இறங்கிட்டாராம் தங்கச்சி. அன்னைக்கு மதியச் சாப்பாட்டுக்கே கப்பல்ல இருந்தாராம். யார்கிட்டயும் சொல்லல."

கோட்டோரில் அதுவரை பஸ் நிலையத்திலும் படகுத் துறையிலும்தான் தேடியிருந்தார்கள். செவ்வாய்க்கிழமை அந்த மதில் ஓட்டையின் கீழே, ஆட்டுப் பாதையிலிருந்து சறுக்கி விழுந்த இடத்தில், முள் புதர்களுக்கு நடுவே என் கணவரின் உடலைக் கண்டுபிடித்தார்கள். பலகையைப் பாதையோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்திருந்தாராம்.

முதலில் அதையும் நான் நம்பவில்லை. படம் காட்டுங்கள் என்றேன். இக்பால் படத்தில் கை தெரியும் இடத்தை மட்டும் காட்டினார். அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு எனக்கு ஒரே ஒரு கேள்விதான். இக்பால் வெள்ளிக்கிழமை என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது கோட்டோரில் காலை ஆறரை மணி. அப்போது என் கணவர் உயிரோடு இருந்தாரா?

"விழுந்த உடனே போயிட்டாராம். வலியே இல்லையாம். டாக்டர் சொன்னார்" என்றார் இக்பால்.

"எந்த டாக்டர்? பேரென்ன?"

"பேரு..." சட்டைப் பையைத் தொட்டார். நோட்டை எடுக்கவில்லை. "எழுதி வைக்கல தங்கச்சி."

நான் புதன்கிழமை என்று சொன்ன பொய்யைக்கூட எழுதிக்கொண்ட மனிதர் அவர். வெள்ளிக்கிழமை அவரைச் சந்தேகப்பட்டேன், அது தப்பு. இப்போது அவர் இரக்கத்தைச் சந்தேகப்படுகிறேன். இது தப்பாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நான் சொல்லட்டும் என்று அத்தை இப்போது காத்திருப்பதில்லை. மாத்திரையை அவரே எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.

ஐந்து வாரம் கழித்துச் சாம்பல் வந்தது. கூடவே இறப்புச் சான்றிதழ். அதில் கண்டெடுத்த நாள் இருந்தது. இறந்த நேரம் என்ற கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. விட்டுப்போயிருக்கும் என்று எழுதிக் கேட்டேன். இரண்டாவது பிரதி வந்தது, அதிலும் கோடு. மூன்றாவதாக வந்ததில் அவர் பெயரைத் திருத்திச் சரியாக எழுதியிருந்தார்கள், புது முத்திரை குத்தியிருந்தார்கள். அந்தக் கட்டத்தில் அதே கோடுதான் இருக்கிறது.