அடிக்கப்பட்ட ஒரு வரி

உலைக்கூடத்தில் நச்சுவாயு பரவியபோது அலற வேண்டிய எச்சரிக்கைக் கருவி ஊமையாய்க் கிடந்தது. ரகு மயங்கி விழுந்தான். கும்மிடிப்பூண்டித் தொழிலாளருக்காக அந்தக் கருவியின் மென்பொருளை எழுதியவள் அவன் மனைவி ஷைனி.

கருவியில் இருந்த பழைய உணரிக்கு, அதாவது சென்சாருக்கு, அந்த நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு தெரியாது. தெரிந்த உணரி ஒன்று உண்டு. அதற்கான நிரலும் இணையத்தில் இலவசம். ஆனால் அது, நிரலை எவரும் எடுத்துத் திருத்திப் பகிரலாம் என்னும் பொது உரிமத்தின் மூன்றாம் பதிப்பில் இருந்தது. ஷைனியின் நிரலோ இரண்டாம் பதிப்பில் மட்டும். இரண்டையும் கலந்து ஊருக்குக் கொடுக்க உரிமம் இடம் தராது.

‘அல்லது பின்வரும் எந்தப் பதிப்பும்’ என்ற வரி அவள் நிரலின் உரிமத்தில் இருந்திருந்தால் சிக்கலே இல்லை. அதை அடித்து நீக்கியவர்கள் ஷைனியும், உடன் எழுதிய அன்புராஜும். ஒப்பந்தக்காரன் நீட்டிய வெற்றுத் தாளில் அப்பன்மார் கையெழுத்திட, ‘வேலையை நானே விட்டேன்’ என்று அதில் பிறகு நிரப்பப்பட்டதைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். நாளை எவனோ எழுதப்போகும் பதிப்புக்கு இன்றே ஒப்புவதா? மாட்டோம் என்றார்கள். வஞ்சகன் மூட்டிய அச்சம், உதவ வந்தவனுக்கும் கதவடைத்தது!

உரிமத்தை மாற்ற இப்போது இருவரும் இசைய வேண்டும். அன்புராஜோ, இதே நிரலை எடுத்து, எவரும் திருத்த முடியாதபடி பெட்டிக்குள் பூட்டி விற்கும் நிறுவனத்தில் அதிகாரி. கவரைப்பேட்டைத் தேநீர்க் கடையில் அவனைப் பிடித்தாள்.

“ஒரு வரிதான், அன்பு. சரின்னு சொல்லு. ரகு ஆஸ்பத்திரில மாஸ்க் போட்டுக்கினு கீறான்.”

“வெத்துப் பேப்பர்ல கையெழுத்து போடாதன்னு லெக்சர் அடிச்சவ நீ! இப்ப இன்னா, மூணாம் நம்பர் மேல லவ்வா?”

“இது எழுதின பேப்பரு. முழுசா படிச்சிட்டேன். பொட்டிய பூட்டி விக்காதன்னு அதுல கீது. அதான் உங்க கம்பெனிக்கு பேஜாரு.”

“தெரியுதில்ல? இனிமே நீ எழுதுறத நாங்க எடுத்து பூட்ட முடியாது. எம் பொழப்புல மண்ணள்ளிப் போடாத.”

“ரகு செத்திருந்தா?”

“நான் எழுதுனது என்னுது. தர மாட்டேன்.”

நெருப்பின் முன் நிற்பவன் மூச்சுக்கு, நிழலில் நிற்பவன் அனுமதி வேண்டுமாம்!

“வச்சிக்க நைனா. நீயே கட்டினு அழு.”

அங்கேயே மடிக்கணினியைத் திறந்தாள். அவன் எழுதிய பகுதி முழுவதையும் நீக்கினாள். போனது, அபாய ஒலியை எழுப்பும் பகுதி. எஞ்சியது அவள் எழுத்து மட்டும்; அதற்கு அவன் இசைவு தேவையில்லை. அதற்கு உரிமத்தின் மூன்றாம் பதிப்பை இட்டாள். பிறகு சங்கச் செயலாளர் அப்பாவுவை அழைத்தாள்.

“அண்ணே, அபாய மணிய நான் புதுசா எழுதி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் உலைகிட்ட போவக்கூடாது. ஷெட்ட நிறுத்துங்க.”