காலை ஆறு மணி வால்வு

றோசலின் கெட்டிக்காரி, சும்மா சொல்லக்கூடாது. டோர்செட் பார்க் பக்கத்தில் ஆஸ்பத்திரித் துணி துவைக்கும் ஆலையில் பதினெட்டு வருடமாகப் பொயிலர் அவள் பொறுப்பு. ஒருநாளும் நீராவி நின்றதில்லை.

இந்த மாதம் காஸ் பொயிலரை நிறுத்தி, புகை விடாத மின்சாரப் பொயிலர் ஒன்றை ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தார்கள். சரிவந்தால் அதுவே நிரந்தரம், ஆட்குறைப்பும் நிச்சயம். சரிவராவிட்டால் அது திரும்பிப் போகும், றோசலினின் வேலை தப்பும்.

மூன்றாம் நாளே நீராவி குறைந்தது. படுக்கை விரிப்புகள் இஸ்திரி இயந்திரத்திலிருந்து ஈரமாக வந்தன. புதுப் பொயிலரைக் கொண்டுவந்து பூட்டிய இன்ஜினியர் ராகவன், தமிழ்நாட்டுக்காரன், சாப்பாட்டையும் மறந்து குழாய் குழாயாகத் தடவினான்.

"தண்ணில இருக்கிற உப்புதான் மேடம் கரண்டைக் கடத்தும், அது குறைஞ்சா நீராவியும் குறையும். தினமும் போடறேன், எங்க போகுதுன்னே தெரியலை."

"உது இப்பிடித்தான் இருக்கும்," என்றாள் றோசலின். உள்ளுக்குள் சந்தோசம். மறைப்பானேன்?

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி. ராகவன் வருமுன்னரே, வழக்கம்போல அடிவால்வைத் திறந்தாள். அடியில் சேறும் உப்பும் படியாதபடி கொஞ்சத் தண்ணீரை வெளியே விடுவது காஸ் பொயிலர்க்காரருக்கு முகம் கழுவுவது மாதிரி. யாரும் சொல்லிச் செய்வதில்லை. தண்ணீர் பாய்ந்தபோதுதான் பொறிதட்டியது. ஐயோ, கடவுளே! அவன் போடுகிற உப்பை நாள்தோறும் சாக்கடைக்கு அனுப்பிக்கொண்டிருந்தவள் அவளேதான்.

பத்து மணிக்கு மனேஜர் முடிவு சொல்வார். அதுவரை வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் போதும். ஒன்பதே முக்கால்வரை பொத்திக்கொண்டுதான் இருந்தாள். ராகவன் சாமான் பெட்டியைக் கட்டத் தொடங்கினான்.

"தம்பி, பொறுங்கோ. பிழை பொயிலரில இல்லை. நான்தான் ஒவ்வொருநாளும் விடியக் காலமை அடித்தண்ணியைத் திறந்து விட்டனான்."

மனேஜர் இன்னும் இரண்டு நாள் கொடுத்தார். ஞாயிறு மாலை விரிப்புகள் மொறுமொறுவென்று காய்ந்து வந்தன. திங்கட்கிழமை சுவரில் ஒட்டிய வேலைப் பட்டியலில் புதுப் பொயிலருக்கு ஒரே ஒரு பெயர். மூன்று வருடமே வேலை செய்த ஜெனாட். பழைய பழக்கம் ஊறாத ஆள் வேண்டுமாம்.

றோசலின் பட்டியலை மேலிருந்து கீழே இரண்டு தரம் வாசித்தாள், அவள் பெயர் எங்குமே இல்லை.

"பேசாம இருந்திருக்கலாமே மேடம்?" என்றான் ராகவன்.

"தெரியாமல் திறந்தது பிழை. தெரிஞ்சுகொண்டும் சொல்லாமல் விட்டால், அது களவு ராசா."

வீட்டுக்குப் போகும் மல்வேர்ன் பஸ்ஸில் இருக்க இடம் கிடைக்கும்வரை அவள் அழவில்லை.