டீச்சருக்கு வந்த பூஜ்யம்

தையற்காரிக்கும் டீச்சருக்கும் ஒரே மாதத்தில், ஒரே வார்டில்தான் அந்த நோய் பிடிபட்டது. உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே புத்தி கெட்டுப்போய் ரத்தக்குழாய்களைப் புண்ணாக்கும் நோய். பக்கத்துப் பக்கத்துக் கட்டில். ஒரே மாத்திரையால் இருவர் முகமும் பூசணிக்காயாய் வீங்க, ஒருத்தியைப் பார்த்து ஒருத்தி சிரித்துக்கொண்டார்கள்.

வீடு திரும்பிய பிறகுதான் வினை தொடங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரத்தம் எடுத்து, தன் உடம்பையே தாக்கும் ஆன்டிபாடி எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஏறினால் நோய் திரும்புமோ என்று பயம். தையற்காரிக்கு ஏறிக்கொண்டே போயிற்று.

"எனக்கு பூஜ்யமாம்க்கா! உங்களுக்கு?" என்று கேட்டாள் டீச்சர்.

"அறுபது" என்றாள் தையற்காரி. வயிறு பற்றி எரிந்தது.

வீட்டுக்காரர் வேறு எரிகிற தீயில் எண்ணெய் வார்த்தார். "அவங்க ஒழுங்கா இருக்காங்க, கொறையுது. நீதான் ஏதோ தப்பு பண்றே."

அன்றைக்கு ஒரு சட்டைக்கு இரண்டு கையையும் வலப்பக்கத்துக்கே வெட்டித் தொலைத்தாள்.

அடுத்த முறை ஆஸ்பத்திரியில் டீச்சர் மூக்கைத் துடைத்தபோது, கைக்குட்டையில் ரத்தம் தோய்ந்த பொருக்கு ஒட்டியிருந்தது. தையற்காரி பார்த்துவிட்டாள். தனக்கும் நோய் அப்படித்தான் தொடங்கியது.

"சும்மா சளிக்கா. எனக்குத்தான் ஒண்ணுமே இல்லியே."

'அப்படியா, இருந்துக்கோ' என்று உள்ளுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷம் தலைநீட்டியது. வாயைத் திறக்காமல் வீட்டுக்கு வந்தாள்.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூட வாசலில் போய் நின்றாள்.

"கெளம்புங்க டீச்சர், ஆஸ்பத்திரிக்கு."

"ரத்தத்துலதான் ஒண்ணும் இல்லியேக்கா..."

"ரத்தத்த விடுங்க. மூத்திரத்தப் பாக்கச் சொல்லுவோம்."

மூத்திரத்தில் ரத்தம் இருந்தது. நோய் சிறுநீரகம் வரை போயிருந்தது.

"அந்த ஆன்டிபாடி அளவு ஒரு துப்புதான்" என்றார் டாக்டர். "ஏறின எல்லாருக்கும் நோய் திரும்பாது. இறங்கினா வராதுன்னும் இல்ல. இன்னும் ஒரு மாசம் விட்டிருந்தா கிட்னி போயிருக்கும்."

அன்றே மருந்து ஏற்றினார்கள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கூடப் பொறந்தவகூட இப்படிப் பாக்கமாட்டா" என்று அழுதாள்.

தையற்காரிக்குத் தாங்கவில்லை. "அன்னிக்கே பாத்தேன் டீச்சர். வயித்தெரிச்சல்ல சொல்லாம இருந்துட்டேன்."

டீச்சர் கையை விலக்கிக்கொண்டாள். மருந்து பாதி இறங்கியது.

"உங்களுக்கு அறுபதுன்னப்போ எனக்கும் கொஞ்சம் குளுகுளுன்னுதான் இருந்துச்சு" என்றாள் கடைசியில்.

சிறுநீரகம் பிழைத்தது. தையற்காரிக்கு அளவு எண்பதானது. ஆனால் நோய் இன்னும் திரும்பவில்லை. டீச்சருக்கு ஆறு மாதம் சம்பளத்தோடு விடுப்பு கிடைத்தது. பார்க்கப் போன தையற்காரி, அவள் காலை நீட்டிப் படுத்துப் புத்தகம் புரட்டுவதைக் கண்டாள்.

பழைய எரிச்சல் லேசாக எட்டிப் பார்த்தது. "எனக்கு யாரு டீச்சர் லீவு குடுப்பா?" என்று வாய்விட்டே கேட்டாள்.