மாமியிடம் கேட்கும் எண்

உள்ளே நுழைவதற்கு ஆறு இலக்க எண் கேட்டு நின்றது திரை. அந்த எண் ஆஃபியாவின் கைப்பேசியில் இல்லை. சமையலறையில், அரிசி வாளியின் மூடிமேல் இருந்த மாமியின் கைப்பேசியில் இருந்தது. அந்த எண்ணை அங்கே கொண்டுபோய் வைத்தவளும் அவள்தான்.

கிரிப்டோ வாங்கி விற்கத் தொடங்கிய புதிதில் அவளுக்கு எந்தப் பூட்டும் இல்லை. சோற்றில் வைத்த கை காய்ந்துபோகும்வரை திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். தொழுகையில் நெற்றி தரையைத் தொடும்போது கண்ணுக்குள் பச்சையும் சிவப்புமாய் விலைக் கோடுகள் எழுந்து நிற்கும். அந்த வியாபாரத்துக்கு வெள்ளிக்கிழமை இல்லை, பெருநாள் இல்லை, அறந்தாங்கியில் கரண்ட் போனாலும் அது நிற்பதில்லை. இப்படியே போனால் பணம் போவதற்கு முன்னால் தானே போய்விடுவோம் என்று ஒருநாள் கண்ணாடியில் தன் கண்களைப் பார்த்தபோது தோன்றியது. அன்றைக்குத்தான் தனக்கு விதிகள் வைத்துக்கொண்டாள். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டுத் தெருக்கோடி வரை நடக்க வேண்டும். பசியாறிய பிறகுதான் திரைமுன் உட்கார வேண்டும். ஒருமுறை நஷ்டம் வந்துவிட்டால் அன்றைய கடை மூடல்.

விதி வைப்பது சுலபமாக இருந்தது. கையைக் கட்டுவதுதான் கஷ்டம். அதனால், அரை நிமிஷத்துக்கு ஒருமுறை மாறும் நுழைவு எண்ணைக் காட்டும் செயலியைத் தன் கைப்பேசியிலிருந்து எடுத்து மாமியுடையதில் போட்டாள். காலையில் ஒருமுறை கேட்டு வாங்கலாம். வேலை முடிந்ததும் கணக்கைவிட்டு வெளியேறிவிட வேண்டும். ஷார்ஜாவிலிருந்து அவள் கணவன் அஸ்வர் இதைக் கேட்டுவிட்டு வீடியோவில் விழுந்து விழுந்து சிரித்தான். "ஒலகத்துல ஒனக்கு வேற ஆளு கெடைக்கலயா? எங்கம்மா பக்கத்து வீட்டு விசேஷத்துக்கு நம்ம பிரிட்ஜையே தூக்கிக் குடுத்தது. யாரு கேட்டாலும் இல்லைன்னு சொல்லத் தெரியாத மனுசிகிட்டப் போயி சாவியக் குடுத்திருக்கே!"

அவன் சொன்னது சரியாகவே இருந்தது. போன மாதம் ஒருநாள், நஷ்டம் வந்த பிறகு, இரண்டாம் தடவையாகப் போய்க் கேட்டாள். மாமி உடனே சொல்லிவிட்டார். அன்று விட்டதைத் திரும்பச் சேர்ப்பதற்குள் அவளுக்கு மூச்சு முட்டிப்போனது. அஸ்வரிடம் அதைச் சொல்லவில்லை. குடோன் வேலை ஒப்பந்தத்தில் இந்த மாதக் கடைசியில் அவன் மறுபடி கையெழுத்துப் போட வேண்டும். போடாமல் ஊருக்கு வந்துவிடுவது, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் சின்னதாக ஒரு கடை பிடிப்பது என்று இருவரும் முடிவு செய்திருந்தார்கள். அந்த முடிவு முழுவதும் ஆஃபியாவின் கணக்கில் இருப்பதை நம்பி நின்றது. அது கரைந்தால் அவனுக்கு இன்னும் இரண்டு வருஷம் ஷார்ஜாதான்.

இன்றைக்குக் காலையில் நஷ்டம் வந்தது. வலிக்காத அளவுதான். விதிப்படி வெளியேறி, துணிகளை மடித்து வைத்தாள். பிறகு சும்மா விலையை மட்டும் பார்க்கலாம் என்று எடுத்தாள். விலை பார்ப்பதற்கு எந்த எண்ணும் தேவையில்லை. அவள் விற்ற இடத்திலிருந்து அது நேராக மேலே போய்க்கொண்டிருந்தது. தன்னை மட்டும் இறக்கிவிட்டுவிட்டு, தான் போகவேண்டிய ஊருக்கே பஸ் கிளம்பிப் போவதுபோல் இருந்தது. மறுபடி உள்ளே போயே ஆக வேண்டும் என்றிருந்தது. ஆசை இப்படி இருக்காது என்று அவளுக்குத் தெரியும். ஆசைக்கு ஒரு இனிப்பு உண்டு. இது யாரோ முகத்துக்கு நேராக அவமானப்படுத்தியதுபோல் எரிந்தது. கைப்பேசியோடு எழுந்து சமையலறைக்குப் போனாள்.

ராபியா மாமி அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து மீன் ஆய்ந்துகொண்டிருந்தார். கோட்டைப்பட்டினத்திலிருந்து காலையில் வந்த சங்கரா.

"மாமி, அந்த நம்பரு..."

"இரும்மா, கை பூரா செதிலு." எழுந்து கையைக் கழுவி, முந்தானையில் துடைத்து, கைப்பேசியில் பெருவிரலை வைத்தார். திறக்கவில்லை. மறுபடி துடைத்து மறுபடி வைத்தார். "என் ரேகையெல்லாம் மீனு தின்னுருச்சு போல. ரேஷன் கடையிலயும் இதே ரோதனதான். நீங்க ராபியாதானான்னு கேக்குறான் அந்தப் பய. பொறந்ததுலேர்ந்து நாந்தான்டா ராபியான்னேன்."

ஆஃபியாவுக்குச் சிரிப்பு வரவில்லை. காலை மாற்றி மாற்றி நின்றாள்.

"காலையில ஒருக்கா வாங்குனியேம்மா?"

"ஆமா மாமி. சும்மா பாக்கத்தான்."

சொன்ன பிறகு அந்தக் குரல் அவள் காதில் விழுந்தது. மெலிந்து, கொஞ்சம் தேன் தடவிய குரல். போன மாதமும் இதே குரலில்தான் கேட்டாள். மாமிக்கு இந்தக் குரல் தேவையே இல்லை. மிரட்டிக் கேட்டாலும் கெஞ்சிக் கேட்டாலும் அவர் தரப்போகிறார். அப்படியானால் இந்தத் தேன் யாருக்கு? தனக்குத்தான் என்று தெரிந்தது.

"இல்ல மாமி. பாக்குறதுக்கு இல்ல. காலையில தோத்துட்டேன். இப்பக் கோவத்துல கேக்குறேன்."

மாமி அவளை நிமிர்ந்து பார்த்தார். கைப்பேசி அப்போதுதான் திறந்திருந்தது. "அப்ப சொல்லவா, வேணாமா?"

"நான் கேட்டா நீங்க சொல்லிருவீங்கல்ல?"

"கேட்டா சொல்லத்தானம்மா செய்வேன். ஒன் நம்பருதான அது." மாமி கைப்பேசியைக் கண்ணுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். "நாலு, ஒண்ணு, ஒம்போது, ஒம்போது, ரெண்டு... ஏழு."

ஆஃபியாவின் கட்டைவிரல் நான்கின்மேல் நின்றது. அழுத்தவில்லை.

"போட்டியா? அடடா, மாறிருச்சு. இப்ப வேற. முட்டை, எட்டு, அஞ்சு..."

முட்டை என்று மாமி சொன்னது பூஜ்யத்தை. அதுவும் முடிந்து இன்னொன்று வந்தது. அதையும் மாமி படித்தார். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளையின் கவனத்தோடு, ஒன்றையும் விடாமல். சாயங்காலம் வரை இப்படியே நின்றாலும் படித்துக்கொண்டேதான் இருப்பார் என்று ஆஃபியாவுக்குத் தோன்றியது. அஸ்வரும் இப்படித்தான், எதைக் கேட்டாலும் சரி என்பான். சந்தை எந்நேரமும் வா வா என்றே சொல்லும். வேண்டாம் என்று சொல்வதற்கு இந்த வீட்டில் ஒரே ஒரு வாய்தான் இருக்கிறது.

"வெரசாப் போடும்மா, இது நிக்க மாட்டேங்குது."

"போதும் மாமி."

"போட்டுட்டியா?"

"போடல."

"நான் தப்பாச் சொல்லிட்டேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க. நாளைக்கிக் காலையில கேக்குறேன்."

மாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காததைப் பற்றிக் கவலையும் இல்லை. கைப்பேசியை வாளிமேல் வைத்துவிட்டு மறுபடி அரிவாள்மணைக்குப் போனார். ஆஃபியா கூடத்துக்குப் போய்த் தன் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். எதிரே நாற்காலியில் உட்கார்ந்தால் எடுத்துவிடுவோம் என்று தெரிந்தது. உட்காரவில்லை. திரும்பி வந்து, சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிக்கொண்டு, மாமிக்கு எதிரே குந்தினாள்.

"ஒனக்கு எதுக்கும்மா, கை நாறும்."

"நாறட்டும். இங்கிட்டுத் தள்ளுங்க."

பெரிய மீனாகப் பார்த்து எடுத்தாள். வாலைப் பிடித்துக்கொண்டு கத்தியை எதிர்ப்புறமாக இழுத்தாள். செதில்கள் தெறித்து மணிக்கட்டிலும் கன்னத்திலும் ஒட்டின. நெஞ்சு இன்னும் வேகமாகத்தான் அடித்துக்கொண்டிருந்தது. அது அடிக்கட்டும் என்று விட்டாள். கூடத்தில், விலை ஏதோ ஒரு எல்லையைத் தொட்டதற்கான மணி அடித்தது. மேலே தொட்டதா, கீழே தொட்டதா என்று மணிச்சத்தத்தில் தெரியாது.

"போனு கூப்புடுதும்மா."

"கூப்புடட்டும் மாமி."

மேசைமேல் அதிர்ந்து அதிர்ந்து கைப்பேசி ஓரத்துக்கு நகரும் சத்தம் கேட்டது. அவள் மீனைப் புரட்டிப்போட்டாள். இந்தப் பக்கம் முழுக்கச் செதில் அப்படியே இருந்தது.