கதவைப் பிடித்த கை

மெஷின் நின்றபோது மார்லிஸ் காலைப் பாத்திரங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காக வீட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்த அந்த உறுமல் சட்டென்று அறுந்தது. விளக்கும் அணைந்தது. கையிலிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போனாள்.

அவள் கணவன் ஆர்வில் சாய்வு நாற்காலியில் கிடந்தான். மூக்கில் குழாய். அதன் மறுமுனை அந்த ஆக்சிஜன் மெஷினில் இருந்தது.

"கரண்ட் போச்சா?"

"போச்சு."

"நானும் கூடவே போயிடுவேன்னு பயந்துட்டியா?"

"பேசாதே. மூச்சை மிச்சப்படுத்து."

அவசரத்துக்கென்று வைத்திருந்த சிலிண்டர் ஒன்றுதான் இருந்தது. அதில் குழாயை மாட்டி, முள்ளைப் பார்த்தாள். பாதிக்குக் கீழே நின்றது. புது சிலிண்டர்கள் கொண்டுவரும் வண்டி போன வாரமே வந்தது. சாலையிலிருந்து வீட்டுக்கு வரும் நீளப் பாதையில் பனி மூடிக் கிடந்ததைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது.

வடக்கு மினசோட்டாவில் பிப்ரவரிப் புயல் புதிதல்ல. ஜன்னலுக்கு வெளியே வேலியும் தெரியவில்லை, தபால் பெட்டியும் தெரியவில்லை. வெள்ளை மட்டும்தான். அவசர உதவிக்கு ஃபோன் போட்டாள். எடுத்த பெண் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள்.

"அம்மா, ஆம்புலன்ஸ் ரெண்டும் ஹைவேல ஒரு விபத்துக்குப் போயிருக்கு. வரும். ஆனா உங்க வீட்டுப் பாதை திறந்திருக்கா?"

"இல்ல."

"பனியைத் தள்ளிவிட யாராவது ஆள் இருக்காங்களா? பக்கத்து வீட்ல?"

அந்தப் பெண் இரண்டு முறை "அம்மா, இருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"இருக்கேன்," என்றாள் மார்லிஸ்.

பக்கத்து வீட்டில் ஆள் இருந்தான். வெர்லின். மாட்டுப்பண்ணைக்காரன். அவளும் ஆர்விலும் அவனும் ஒரே பள்ளியில் படித்தவர்கள். பனி விழுந்த ஒவ்வொரு காலையிலும், கேட்காமலே, டிராக்டரைக் கொண்டுவந்து அவர்கள் பாதையிலுள்ள பனியைத் தள்ளிவிட்டுப் போவது அவன் வழக்கம். வேலை முடிந்ததும் சமையலறைக் கதவருகே வந்து நிற்பான். மார்லிஸ் "காப்பி சாப்பிடு" என்பாள். "வேண்டாம், வேலை கிடக்கு" என்பான். "ஒரு கப்தானே" என்பாள். "இல்ல, பூட்ஸெல்லாம் பனி" என்பான். மூன்றாவது முறை கேட்டதும் "சரி, கொஞ்சமா ஊத்து" என்று உட்கார்ந்துவிடுவான். அந்த ஊரில் முதல் இரண்டு மறுப்பை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. முதல் தடவையே சரி என்பவன் பேராசைக்காரன். இரண்டோடு கேட்பதை நிறுத்துகிறவள் உன்னை வெளியே போகச் சொல்கிறாள்.

இந்தக் குளிர்காலத்தில் வெர்லின் வரவில்லை. மார்லிஸ் அடுத்த ஊரிலிருந்து ஒருவனைக் கூலிக்குப் பிடித்தாள். அவன் நினைத்தால் வருவான்.

எல்லாம் நவம்பர் தேர்தலோடு வந்தது. சர்ச்சின் கீழ்த்தளத்தில்தான் ஊர் வாக்குச்சாவடி. பல வருஷங்களாக அங்கே பொறுப்பு மார்லிஸ்தான். உள்ளே உட்கார்ந்திருப்பவர்கள் நாள் முழுக்க வெளியே போக முடியாது. அதனால் அவள் தன் பெரிய ரோஸ்டரைக் கொண்டுபோவாள். குழந்தையைக் குளிப்பாட்டக்கூடிய அகலத்தில் ஒரு மின்சாரச் சட்டி. ஊரில் எந்தச் சாவுக்கும் எந்தக் கல்யாணத்துக்கும் சர்ச் பெண்கள் சமைப்பது அதில்தான். வெர்லினின் மனைவி ஆர்டிஸை அடக்கம் செய்த அன்று ஊரே அதில் வெந்ததைத்தான் சாப்பிட்டது. தேர்தலன்று உருளைக்கிழங்கும் பன்றி ஹாமும் பாலேட்டில் வேகவைத்துக் கொண்டுபோனாள். சாவடி மூடும் நேரத்துக்கு ஓட்டுப்போட வந்த வெர்லின் ஒரு தட்டு சாப்பிட்டான். இன்னொரு தட்டும் சாப்பிட்டான். மிச்சம் சூடு ஆறாமல் இருக்க ரோஸ்டரைப் பழைய போர்வையில் சுற்றிக் கயிறு கட்டி, மார்லிஸ் காருக்குத் தூக்கிக்கொண்டு போனபோது, அவன்தான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

யாரோ வெளியே நின்ற வண்டிக்குள்ளிருந்து அதைப் படமெடுத்தார்கள். மறுநாள் எல்லோர் ஃபோனிலும் அது ஓடியது. ஒரு கிழவி, போர்வை சுற்றிய ஒரு பெட்டி, அவசரமாக ஒரு நடை. மேலே எழுத்து: வாக்குச்சீட்டுகள் எங்கே போகின்றன பாருங்கள்.

மாவட்டத்தில் எல்லாச் சீட்டுகளையும் மறுபடி எண்ணினார்கள். சரியாக இருக்கிறது என்று அறிவித்தார்கள். எண்ணியவர்களும் கூட்டுத்தான் என்று ஊர் சொன்னது. பிறப்பும் சாவும் தொலைந்த மாடும் ஒழுங்காக அச்சாகிக்கொண்டிருந்த வாரப் பத்திரிகை இருந்திருந்தால் அதிலாவது நாலு வரி வந்திருக்கும். அது மூடிப்போய் நாளாயிற்று. அது இருந்த இடத்தில் இப்போது நகம் அலங்கரிக்கிறார்கள்.

தெரியாத குரல்கள் ஃபோனில் வந்தன. தபால் பெட்டியை யாரோ மட்டையால் அடித்து நசுக்கினார்கள். சர்ச்சில் அவள் வரிசையில் உட்கார்ந்தவர்கள் ஒரு வரிசை பின்னால் போனார்கள். பாஸ்டர் எல்லாத் தரப்புக்காகவும் ஜெபித்தார். அந்த வீடியோவின் கீழே வெர்லின் எழுதியதை மகள் டென்வரிலிருந்து வாசித்துக் காட்டினாள்: 'நான் அங்கேதான் இருந்தேன். பெட்டி போனதை என் கண்ணால் பார்த்தேன்.'

ஒரு வார்த்தை பொய் இல்லை.

முதல் வாரம் மார்லிஸ் அழுதாள். அப்புறம் அழவில்லை. குளிரில் விரல் மரத்துப்போகிற மாதிரிதான் அது, முதலில் எரியும், பிறகு எதுவும் இருக்காது. ஜெபிக்க உட்கார்ந்தால் வார்த்தைகள் வந்தன. அவள் வரவில்லை. அந்த வீடியோவை ஒரே ஒரு முறை முழுதாகப் பார்த்தாள். ஓரத்தில், கதவைப் பிடித்திருக்கும் ஒரு கை தெரிந்தது. கைக்குரிய ஆள் தெரியவில்லை. பழுப்புத் தோல் கையுறை, கட்டைவிரலில் கிழிசலுக்குச் சுற்றிய சிவப்பு டேப். அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அதற்கும் ஒரு வீடியோ வரும்.

சிலிண்டர் முள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தது.

"வெர்லினைக் கூப்பிடு," என்றான் ஆர்வில். உதட்டோரம் நீலம் பூத்திருந்தது.

"வர மாட்டான்."

"கேட்டியா?"

"கேக்கணுமா? இந்தப் புயலே யாரோ வேணும்னு கரண்டை நிறுத்துறதுக்குச் சாக்குன்னு இன்னிக்குக் காலைல ஃபோன்ல வந்திருக்காம். யாரையும் நிலத்துக்குள்ள விடாதீங்கன்னு. அவன் துப்பாக்கியை மடில வச்சிட்டு உக்காந்திருப்பான்."

"உக்காந்திருக்கட்டும். நீ கேளு." அவன் மூச்சு வாங்கினான். "எனக்காக வேண்டாம். கரண்ட் பில் கட்டியாச்சு, வீணாப் போகுதேன்னு கேளு."

அவள் ஃபோனை எடுத்தாள். மனசு பதறவில்லை. அதுதான் அவளுக்கே பயமாக இருந்தது. பக்கத்தில் மூச்சுக்குத் திணறுகிற மனுஷன், தன் மனுஷன், இருந்தும் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் பார்ப்பது போல இருந்தது. கர்த்தரே, எனக்கு ஏதாவது தோணட்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

"யாரு?" வெர்லினின் குரல்.

"மார்லிஸ்."

பதில் இல்லை. பின்னால் மாடுகள் கத்துவது கேட்டது.

"ஆர்விலோட மெஷின் நின்னுடுச்சு. சிலிண்டர் தீரப்போகுது, மூச்சு விட முடியல. பாதை மூடிக் கிடக்கு."

மாடுகளின் சத்தம் மட்டும்தான். பிறகு சத்தமே இல்லை. அவன் வைத்தானா, லைன் செத்ததா என்று தெரியவில்லை. மறுபடி போட்டாள். மணி அடிக்கவில்லை.

"என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லல."

விறகடுப்பில் கட்டை போட்டாள். ஆர்விலின் கால்களுக்கு இன்னொரு கம்பளி போர்த்தினாள். அவன் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. ஆர்வில் இப்போது பேசுவதை விட்டுவிட்டான். காற்று மாறி மாறிச் சுவரில் மோதியது. அந்த இரைச்சலுக்குள் வேறொரு இரைச்சல் இருப்பது போலத் தோன்றியது. அவள் நம்பவில்லை. இந்த நாட்களில் அவளும் காதில் விழுவதை நம்புவதில்லை.

பிறகு ஜன்னலில் மஞ்சள் விளக்கு ஆடியது.

டிராக்டர் பனியை இரு பக்கமும் வாரி இறைத்துக்கொண்டு வந்தது. அதன் பின்னால் ஏதோ இழுபட்டு வந்தது. மார்லிஸ் கோட்டுகூடப் போடாமல் கதவைத் திறந்தாள். அது வெர்லினின் ஜெனரேட்டர். கரண்ட் போனால் மாடுகளுக்குப் பால் கறக்கும் மெஷினை ஓட்டுவது அதுதான். அவனிடம் ஒன்றுதான் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"வயர் எங்க நீட்ட?" என்று கத்தினான்.

"இந்த ஜன்னல் வழியா. மாடுங்க?"

"கத்துதுங்க. கத்தட்டும்."

அவன் வயரைக் கொடுத்தான், அவள் இழுத்தாள். டிராக்டர் எஞ்சின் முறுக்கி ஜெனரேட்டரைச் சுழற்றியது. அறைக்குள் அந்தப் பழைய உறுமல் மெல்ல எழுந்தது. குழாயை மாற்றி மாட்டினாள். ஆர்விலின் மார்பு ஏறி இறங்கியது, மறுபடி ஏறியது. உதட்டோர நீலம் போவதற்கு வெகு நேரம் பிடித்தது. அது போகும்வரை வெர்லின் கதவருகே குல்லாயைக் கழற்றிக்கொண்டு நின்றான்.

"வண்டி வரும்னு சொன்னாங்க," என்றாள் மார்லிஸ். "அதுவரைக்கும்தான்."

"இருக்கட்டும்."

கேஸ் அடுப்பைத் தீக்குச்சியால் பற்றவைத்தாள். வேறு என்ன செய்வதென்று கைகளுக்குத் தெரியவில்லை.

"காப்பி சாப்பிடு."

"வேண்டாம். மாடுங்க நிக்குது."

"ஒரு கப்தானே."

"இல்ல. பூட்ஸெல்லாம் பனி."

அவள் வாய் மூடிக்கொண்டது. கெட்டிலில் தண்ணீர் முனகியது. வெர்லின் காத்திருந்தான். அவள் கேட்கவில்லை என்று தெரிந்ததும் குல்லாயை மாட்டிக்கொண்டான். ஆனால் போகவில்லை.

"மார்லிஸ், அன்னிக்கு அந்தப் பெட்டில என்ன இருந்துச்சு?"

"நீ தின்ன மிச்சம்."

"அது முன்னாடி. நீ மறுபடியும் ஒரு தடவை வெளிய போயிருக்கலாம்ல. அந்த வீடியோல இருக்கிறது அந்தத் தடவையா இருக்கலாம்."

"ஒரு தடவைதான் போனேன். கதவை நீதான் பிடிச்சிருந்தே."

"ஆனா நான் அதுல இல்லையே. நல்லா உத்துப் பாத்தேன்."

"உன் கை இருக்கு."

"யார் கையா வேணா இருக்கலாம்."

மார்லிஸ் அவன் வலது கையைப் பார்த்தாள். கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க அவன் அதைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவளுக்காகவும் இல்லை, ஆர்விலுக்காகவும் இல்லை. கதவு அடித்தால் பிடிப்பான், அவ்வளவுதான். வாழ்நாள் முழுக்க அப்படித்தான். பழுப்புத் தோல். கட்டைவிரலில் சிவப்பு டேப், ஓரம் பிரிந்திருந்தது.

அவள் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். வெகு நேரம் பார்த்தான், யாரோ தன் தோளில் மாட்டிவிட்டுப் போன கையைப் பார்ப்பது போல.

"தெரியல, மார்லிஸ்," என்றான் கடைசியில். "இப்பல்லாம் எனக்கு எதுவுமே தெரியல. ராத்திரி முழுக்க அதைத்தான் பாத்துட்டிருக்கேன். ஆர்டிஸ் இருந்தா ஃபோனை அணைச்சுட்டுப் படுன்னு திட்டுவா. இப்ப அது ஒண்ணுதான் வீட்ல பேசுது."

"எதையும் நம்பல, அப்ப எதுக்கு வந்தே?"

அவன் அந்தக் கேள்வியைப் புரியாதவன் போலப் பார்த்தான்.

"மூச்சு விட முடியலேன்னியே."

மார்லிஸுக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. மரத்துப்போன விரலுக்கு ரத்தம் திரும்பும்போது வலிக்கிற மாதிரி. இனிமையாக இல்லை. ஆனால் அது அவள் வலி, அவளுக்குள்ளேதான் வலித்தது.

அடுத்த அறையிலிருந்து, உறுமலுக்கு மேலே, ஆர்விலின் குரல் தேய்ந்து வந்தது.

"யோவ் வெர்லின்... மூணாவது தடவை கேட்டாளா இல்லையா?"

"இன்னும் கேக்கல," என்றான் வெர்லின், கதவை விடாமல்.

கெட்டில் கொதித்துவிட்டது. மார்லிஸ் அலமாரியைத் திறந்தாள். அவன் எப்போதும் குடிக்கும் கப், கைப்பிடி ஓரத்தில் உடைந்தது, தட்டுகளுக்குப் பின்னால் போயிருந்தது. கையை நீட்டி அதை எடுத்து, தூசியை ஏப்ரனில் துடைத்தாள்.

"காப்பி சாப்பிடு, வெர்லின்."

அவன் கதவைச் சாத்தினான். பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்தான். கையுறைகளைக் கழற்றி மேஜைமேல் போடப் போனவன், நிறுத்தி, மடியில் வைத்துக்கொண்டான்.

"சரி," என்றான். "கொஞ்சமா ஊத்து."