வெயிலில் வைத்த அறுபது கன்றுகள்

பஸ்ஸை விட்டிறங்கி முற்றத்துக்கு வந்த கிருபாபாய் அப்படியே நின்றுவிட்டாள். காலையில் அவள் நிழலில் வைத்துவிட்டுப் போன அறுபது வாழைக் கன்றுகளும் கவரிலிருந்து வெளியே வந்து, சாணியும் சாம்பலும் பூசிக்கொண்டு, உச்சி வெயிலில் வரிசையாகக் கிடந்தன.

போன வருஷம் குன்னத்துகாலில் அவர்கள் வயலில் ஒரு ஏத்தன் வாழைகூடக் குலை போடவில்லை. நோய் கண்டு குருத்தெல்லாம் கொத்தாகச் சுருண்டு, அத்தனையையும் வெட்டிப் புதைத்தார்கள். நோய் கிழங்கோடுதான் வருகிறதாம். அதனால்தான் ஆய்வுக்கூடத்தில் குப்பிக்குள் வளர்த்த கன்றுக்காக நாலு மாசம் காத்திருந்தாள், பயிற்சிக்கும் போனாள். இதுவும் போனால் இந்த வருஷமும் வயல் தரிசுதான்.

கணவன் சுந்தரதாஸ் சாணி வாளியோடு பெருமையாக வந்தான். "நீ வாறதுக்குள்ள எல்லாம் செஞ்சாச்சு. வேரச் செத்திச் சீவி, சாணியில முக்கியாச்சு. நாலு நாள் வெயிலு கொண்டா ஒரு புழு கேறாது."

முப்பது வருஷமாக ஏத்தன் கிழங்கை அப்படித்தானே நடுகிறான் மனுஷன். கிழங்கு வெயிலைத் தாங்கும். நூல்போல நாலு வேரோடு குப்பியில் பிறந்தது எப்படித் தாங்கும்?

"கொன்னு போட்டியளே" என்றாள்.

அவன் வாளியைக் கீழே வைத்தான். "இதுக்கு வெயிலு ஆகாதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லல்லியே."

வாய்வரை வந்த வசவு நின்றுபோனது. சொல்லவில்லைதான். சர்ச் வாசலில் நாலு பேர் முன்னால், "இவ நோட்டுல எழுதிப் படிச்சு வாழ நடப் போறா" என்று அவன் சிரித்த நாளிலிருந்து ஒரு வைராக்கியம். குலை வெட்டும்போது பார்த்து வாயைப் பிளக்கட்டும் என்று, பயிற்சி நோட்டை அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தாள். இப்போது நினைக்க வெட்கமாக இருந்தது.

இருவரும் குனிந்து பொறுக்கினார்கள். பலாமர நிழல் எட்டிய ஓரத்தில் ஒன்பது மட்டும் வாடாமல் இருந்தன. அவள் அவற்றைக் கழுவி மறுபடி கவரில் மண்ணிட்டு வைத்தாள். அவன் ஓலை வெட்டிவந்து மேலே நிழல் கட்டினான்.

"இனி என்ன செய்யணும்?" என்று கேட்டான். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் வாழையைப் பற்றி அவளிடம் அவன் கேட்ட முதல் கேள்வி அது.

"நோட்டப் பாக்கணும்."

"அரிசிப் பானைக்குப் பொறத்த இருக்கு, எடுத்துட்டு வா."

அவள் திகைத்து அவனைப் பார்த்தாள். "தெரியுமா? பின்ன எடுத்துப் படிச்சிருக்கலாமே."

அவன் ஓலையைச் சரிசெய்தபடியே சொன்னான். "நீ எங்கிட்டேருந்து ஒளிச்சு வச்சத நான் எப்பிடி எடுக்கது?"