கொசு இல்லாத பாட்டு

இசை நாடகங்களுக்குப் பாட்டும் எழுதி மெட்டும் போட்ட அந்தப் பெரிய மனிதர் செத்து ஒரு வருடம் ஆகிறது. நாளைக்கு அவருக்கு இசை அஞ்சலி. ஒத்திகை அறைக்கு அவர் வீட்டுப் பியானோவையே தூக்கி வந்திருந்தார்கள். வாசிப்பது மகன். நிகழ்ச்சியை இயக்குவது ‘தாடி’ என்று எல்லோரும் கூப்பிடும் ஆள். முன்வரிசையில் செத்தவரின் மனைவி.

நடிகை பாடினாள்: ‘போவதென்றால் போ, கதவைச் சாத்திப் போ.’

எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். இந்த ஒரு வரியை ஆராய்ந்து மூன்று பேர் முனைவர் ஆகியிருக்கிறார்கள். கதவு என்பது மரணமாம்.

“கொசு எங்க?” என்றாள் மனைவி.

“எந்தக் கொசும்மா?” என்றான் தாடி.

“அந்த வரியைச் சொன்னதே நான். சண்டை போட்டுட்டுக் கிளம்பினார். ‘போறதுன்னா போங்க, கதவைச் சாத்திட்டுப் போங்க, கொசு வருது’ன்னேன். எங்கயும் போகலை. நேரா பியானோல போய் உக்காந்துட்டார்.”

கொசுவையும் மரியாதையையும் அவர் எடுத்துவிட்டிருந்தார். கலை என்றால் அதுதான் போலிருக்கிறது.

அந்த வீட்டில் எந்தச் சண்டையும் முடிந்ததில்லை. பாதியிலேயே பாட்டாகிவிடும். ஒரு கட்டத்தில் வெறுத்துப்போய் அவள் பேச்சையே நிறுத்தினாள். அவரும் எழுதவில்லை. விமர்சகர்கள் அதற்கு ‘மௌன காலம்’ என்று பெயர் வைத்தார்கள்.

“கொசுவைச் சேர்த்துப் பாடுங்க. இல்லன்னா நாளைக்கு மேடைக்கு வர மாட்டேன்.”

“ஜனங்க சிரிச்சிடுவாங்கம்மா.”

“சிரிக்கட்டும். கடி வாங்கினது நான்.” மகன் பக்கம் திரும்பினாள். “நீ சொல்லுடா. நீயும் அந்த வீட்லதானே இருந்தே?”

“அப்பா பாட்டுல யாரும் கை வைக்கக் கூடாதும்மா.”

அவள் எழுந்தாள். “என் வாயைத் தின்னே பெரிய ஆளானார் உங்கப்பன். நான் அழுதா ஒரு தாளம், கத்தினா ஒரு தாளம். செத்த பிறகாவது என் சண்டையை எனக்குத் திருப்பிக் கொடுங்கடா. முடிக்காத சண்டை எல்லாம் தொண்டையிலேயே நிக்குது.”

மகனின் வலது கை, அவனைக் கேட்காமலே, கட்டைகளில் எதையோ தேடியது. மெல்ல ஒரு மெட்டு வந்தது. ‘தொண்டையிலேயே நிக்குது’ அதில் கச்சிதமாக உட்கார்ந்தது. தாடி கண்ணை மூடினான்.

அவள் பியானோவின் மூடியை அறைந்து சாத்தினாள். விரல்கள் மயிரிழையில் தப்பின. பூட்டிலிருந்த சாவியைத் திருகிப் பிடுங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

“அப்பன் புத்தி அப்படியே.”

“அம்மா, நாளைக்கு எப்படிப் பாடுறது?”

“கை தட்டிப் பாடுங்க. கொசுவாவது சாகும்.”

கதவைச் சாத்தாமல் போனாள்.